பழைய காரில் ரூஃப் துணி தொங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கார் குஷன் வேலை செய்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்கள் தொழில். கல்யாண மாதம் வந்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். வீட்டோடு சேர்ந்து ஷெட்டில் நிற்கும் காரும் வெளியே வரும். பேட்டரி மாற்றி, டயருக்குக் காற்றடித்து உள்ளே உட்கார்ந்தால் மேலே இருக்கும் துணி தலையில் வந்து படும். அப்புறம்தான் எனக்குப் போன் வரும். கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் கேட்டதையே மறுநாள் தேவகோட்டையிலிருந்து இன்னொருவர் கேட்பார். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

“அண்ணே, மேல துணி ஏன் இப்படித் தொங்குது? பசை விட்டுப்போச்சா?”

பசை விடவில்லை. இதை முதலில் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடந்த இருபது முப்பது வருடத்துக் கார்களில் பெரும்பாலும் கூரைக்குக் கீழே அச்சில் வார்த்த ஒரு போர்டு இருக்கும். அதில் நேரடியாகத் துணி ஒட்டுவதில்லை. துணியின் முதுகில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஃபோம் இருக்கும். அந்த ஃபோம்தான் போர்டில் ஒட்டியிருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு அந்த ஃபோம் மக்கிப் பொடியாகிறது. கம்பெனியில் போட்ட பசை இன்னும் போர்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். நடுவில் இருந்த ஃபோம் போய்விட்டதால் துணிக்குப் பிடிமானம் இல்லை.

தொங்கும் இடத்தை விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சீட்டில் மஞ்சளாகவோ காவி நிறத்திலோ மாவு மாதிரி கொட்டினால் அதுதான் செத்துப்போன ஃபோம். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டிப் போகும். கூரைத் தகடு அதைவிடக் கூடச் சுடும். ஐப்பசி கார்த்திகை மழையில் அதே இடத்தில் ஈரம் ஏறும். இரண்டும் மாறி மாறித் தாக்கினால் எந்த ஃபோமும் தாங்காது.

“எங்க வீட்டு அம்பாசிடர்லயும் தொங்குது. அதுவும் இதேதானா?”

இல்லை, அது வேறு. அம்பாசிடர், பத்மினி மாதிரி வண்டிகளில் போர்டே கிடையாது. ரெக்சினையோ துணியையோ குறுக்காகத் தையல் போட்டு, பின்பக்கம் குழல் மாதிரித் தைத்து, அதில் இரும்புக் கம்பி நுழைத்துக் கூரையில் மாட்டியிருப்பார்கள். அதில் நூல் இற்றுப்போகும், ஓரம் விட்டுப்போகும், கம்பி துளையிலிருந்து நழுவும், இல்லையென்றால் துரு பிடித்துக் குழலைக் கிழித்துவிடும்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் நடுவில் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக அட்டை தட்டுப்பட்டால் போர்டு வகை. மேளத்தோல் மாதிரி அமுங்கி, குறுக்கே தையல் கோடுகளும் தெரிந்தால் கம்பி வகை. இதற்கு அடுத்து வருவது போர்டு வகைக்கு. கம்பி வகைக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

“ஊசியில பசையை ஏத்தி உள்ள விட்டு அமுக்கிவிட்டா ஒட்டிக்காதா?”

ஒட்டும், மக்கிய பொடியோடு. மாவு தூவிய பலகையில் டேப் ஒட்டிப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். இரண்டு வெயிலில் திரும்ப இறங்கிவிடும். போதாததற்குப் பசை துணியில் ஊறி அங்கங்கே கருப்புத் திட்டு விழும். பின்னால் முறையாக வேலை செய்ய வரும்போது அந்தத் திட்டுகளைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு.

“கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. பின் குத்திச் சமாளிக்கலாமா?”

நாலு நாளுக்கு என்றால் சரி. முறுக்குக் கம்பி மாதிரி இருக்கும் பின்கள் கிடைக்கின்றன. திருகி ஏற்றினால் போர்டைப் பிடித்துக்கொள்ளும். வரிசையாக, ஒரே இடைவெளியில் ஏற்றினால் பார்க்கவும் மோசமில்லை. சாதாரணக் குண்டூசி வேண்டாம். வண்டி குலுங்கும்போது கழன்று விழும். பின் சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். பக்கவாட்டில் திரை மாதிரி விரியும் ஏர்பேக் உள்ள வண்டியில் எந்தப் பின்னும் கூடாது. அது கூரை ஓரத்தில், இந்தத் துணிக்குப் பின்னால்தான் மடிந்திருக்கிறது.

நாலு நாள்கூட இல்லை, இன்றைக்கே ஓட்ட வேண்டும் என்றால், பின் கண்ணாடி தெரியும்படியாவது துணியை ஏற்றிக் கட்டிவிட்டு எடுங்கள். நடுக்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாமல் திருச்சி ரோட்டில் போகாதீர்கள்.

“பழைய துணியையே துவைச்சுத் திரும்ப ஒட்டலாம்ல?”

ஒட்ட முடியாது. அதன் முதுகில் இருந்த ஃபோம் போய்விட்டது. மிச்சம் இருப்பது வெறும் மெல்லிய துணி. பசை ஊறி முன்பக்கம் வந்துவிடும். தொங்கித் தொங்கி அது இழுபட்டும் இருக்கும். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளக்கு, கைப்பிடித் துளைகள் எங்கே வரும் என்று பார்க்க அது உதவும்.

“என்ன துணி, எத்தனை மீட்டர் வாங்கணும்?”

ஃபோம் ஒட்டிய ரூஃப் துணி என்று கேட்டு வாங்குங்கள். திரைச்சீலைத் துணி, ஃபோம் இல்லாத வெல்வெட் எல்லாம் வேண்டாம். போர்டில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் அதில் அப்படியே தெரியும். கையில் பிடித்து நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது இழுபட வேண்டும். அப்போதுதான் விளக்குப் பள்ளத்தில் உட்காரும்.

அளவுக்குப் போர்டின் நீளமும் அகலமும் எடுத்து, ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண செடான் காருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. பில்லருக்கும் (கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண்) அதே துணி போடுவதாக இருந்தால் முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது. நிறம் உங்கள் விருப்பம். கருப்புப் போட்டால் சின்னக் கார் இன்னும் சின்னதாகத் தெரியும். நம் ஊர்ச் செம்மண் தூசிக்கு, வெள்ளையை விட மணல் நிறமோ சாம்பலோ நல்லது.

“வீட்டுல ஃபெவிகால் இருக்கு. அது போதுமா?”

மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை என்றால் போதாது. அது சூட்டிலும் ஈரத்திலும் இளகும். ரப்பர் பசை வேண்டும். சீட் வேலைக்கும் ஃபோம் வேலைக்கும் நாங்கள் எஸ்ஆர் பசை என்று சொல்வது அதைத்தான். ஸ்ப்ரே டப்பா வாங்கினால் கார் ரூஃபுக்கு ஏற்றது, சூடு தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்க வேண்டும். காகிதம், தெர்மோகோல் ஒட்டுகிற பொது ஸ்ப்ரே சித்திரையில் கைவிட்டுவிடும்.

ரப்பர் பசையில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறது. பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. மூடிய அறைக்குள் வேலை செய்தால் தலை சுற்றும்.

“போர்டை எடுக்காம, கார்ல வச்சே ஒட்ட முடியாதா?”

முடியாது என்று சொல்ல மாட்டேன். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு ஃபோமை ஒழுங்காகச் சுரண்ட முடியாது, துணியை ஓரத்தில் மடித்து ஒட்டவும் இடமில்லை. வெளியே எடுப்பதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது ஒரு மணி நேர வேலை.

“சரி, எடுத்துரலாம். ஒடிஞ்சிருமோன்னுதான் பயமா இருக்கு. எந்த வரிசையில கழட்டணும்?”

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிறகு சன் வைசர், நடு விளக்கு, கைப்பிடிகள், சட்டை மாட்டும் கொக்கி. அப்புறம் கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை மேல் பாதி மட்டும் இறக்கி, பில்லர் கவர்களை எடுக்க வேண்டும். பெல்ட்டின் மேல் போல்ட் இடைஞ்சல் செய்தால் அதையும். ஒவ்வொரு இடத்து ஸ்குரூவையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். பழைய வண்டியில் பிளாஸ்டிக் கிளிப் நாலைந்து உடையத்தான் செய்யும், அதற்குக் கலங்க வேண்டாம். பக்கத் திரை ஏர்பேக் உள்ள வண்டி என்றால் இதை வீட்டில் செய்யவே வேண்டாம். அது தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

முன் சீட் இரண்டையும் முழுக்கச் சாய்த்து, போர்டை இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். பின் கதவு மேலே திறக்கும் கார் என்றால் அந்த வழியாக எடுங்கள். செடானில் பின் பக்கக் கதவு வழியாகக் கோணலாக வரும். ஒரே ஆள் இழுத்தால் விளக்குத் துளை இருக்கும் இடத்தில்தான் மடியும், அங்கேதான் ஒடியும். என்னிடம் வந்த ஒடிந்த போர்டுகளில் அனேகம் அந்த இடத்தில்தான் ஒடிந்திருந்தன.

“பழைய ஃபோமை எவ்வளவு சுரண்டணும்? லேசா இருந்தா பரவாயில்லைல?”

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. துணி ஒட்டுவது ஒரு மணி நேரம். சுரண்டுவது மூன்று மணி நேரம். அப்படி இருந்தால்தான் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

துணி உரிக்கும்போது கையோடு வந்துவிடும். மிச்ச ஃபோமை நைலான் பிரஷால் வட்டமாகத் தேயுங்கள். கம்பி பிரஷ் போட்டால் போர்டின் மேல்தோல் பிய்ந்து வரும். முதலில் வாசலில் வைத்துத் தேயுங்கள், மூக்கு வாய்க்கு மாஸ்க் போடுங்கள், காற்று அடிக்கும் பக்கம் நிற்காதீர்கள். தேய்த்த பிறகு காற்றடித்து, லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காய வையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போர்டு உப்பிவிடும்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று இருக்கிறது. கருப்புத் துணியைச் சுருட்டி போர்டு முழுக்க ஒரு தடவை தேய்க்க வேண்டும். துணியில் மஞ்சள் தெரிந்தால் திரும்ப பிரஷ். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு காருக்கு ஐந்து தடவை தேய்க்க வைத்தார். இன்றைக்கும் கருப்புத் துணி காட்டாமல் நான் பசை டப்பாவைத் திறப்பதில்லை.

“போர்டு ஏற்கெனவே ஒடிஞ்சு கிடக்கு. புதுசு கிடைக்கவே மாட்டேங்குதே?”

பழைய மாடலுக்குப் புதுப் போர்டு தேட வேண்டாம். ஒடிந்ததைத் தரையில் படுக்க வைத்து, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்துக் கட்டலாம். முன்பக்கம் வைத்தால் துணிக்கு மேலே தடிப்புத் தெரியும். ஒரு இரவு முழுக்க இறுகட்டும். தண்ணீர் ஊறி இட்லி மாதிரி உப்பிப்போன போர்டைக் காப்பாற்றுவது கடினம். பழைய கார் உடைக்கிற இடத்தில் அதே மாடல் போர்டு கிடைத்தால் ஃபோம் போயிருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் சுரண்டத்தானே போகிறோம்.

“ஒட்டுறப்பதான் சுருக்கம் விழுந்துருது. எப்படி ஒட்டணும்?”

துணியைப் போர்டின் மேல் விரித்து நடுவில் சரிபார்த்து, பாதியை மடித்துப் போடுங்கள். அந்தப் பாதியில் போர்டுக்கும் ஃபோமுக்கும் இரண்டுக்குமே பசை மெல்லிசாகப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் ஊறி முன்பக்கம் கறையாகும். தொட்டால் விரலில் ஒட்டாமல், லேசாகப் பிடிக்கிற பதம் வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே போங்கள். பள்ளம் வரும் இடத்தில் முதலில் பள்ளத்துக்குள் அமுக்கி, அப்புறம் மேட்டுக்கு வாருங்கள். பள்ளத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டினால் இன்றைக்கு அழகாக இருக்கும். முதல் வெயிலில் அங்கேதான் கிளம்பும்.

ரப்பர் பசை தொட்ட உடனே பிடிக்கும். சுருக்கம் விழுந்தால் உடனே, மெதுவாக, ஃபோம் கிழியாமல் தூக்கி மறுபடி தடவலாம். ஐந்து நிமிடம் போய்விட்டால் தொடாதீர்கள். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டி, ஒருநாள் காய விட்டு, துளைகளைப் பெருக்கல் குறி மாதிரி கீறி உள்ளே மடியுங்கள். வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் விளக்கு ஓரத்தில் இடைவெளி தெரியும்.

“எங்க வளவுல வச்சே செய்யலாமா? மழைக்காலத்துல பரவாயில்லையா?”

வளவு, அதாவது வீட்டு நடு முற்றம், நல்ல இடம். மேலே திறந்திருப்பதால் பசை நெடி நிற்காது; ஓரத்து நிழலில் போர்டை வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தளமாக இருந்தால் கட்டாயம் தார்ப்பாய் விரியுங்கள். ரப்பர் பசையும் தின்னரும் சிந்தினால் அந்தக் கல்லின் நிறமும் பளபளப்பும் கெடும். காருக்காக வீட்டைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. சுரண்டும் வேலையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிர்ந்து, அதில் காற்றிலுள்ள ஈரம் படியும். அந்த ஈரப் படலத்துக்கு மேல் ஒட்டினால் பிடிக்காது. கத்திரி வெயிலில் வெளியே செய்தால் நேர் எதிர்: பசை துணியைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். தை, மாசி எனக்குப் பிடித்த மாதங்கள்.

“அம்பாசிடருக்குப் புது லைனிங் தைக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?”

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் இங்கே பல வீடுகளில் அது இன்னும் வீட்டு மனுஷர் மாதிரி நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய லைனிங்தான் உங்கள் அளவுச் சட்டை. கிழிக்காமல் கழற்றி, தையல்களைப் பிரித்து, துண்டு துண்டாக எண் போட்டு வையுங்கள். இழுபட்ட துண்டை அப்படியே நம்பாமல் குழலுக்குக் குழல் உள்ள தூரத்தை வண்டியிலேயே அளந்து பாருங்கள். கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு, நீளம் வேறு. எது முன், எது பின், எந்த முனை இடது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் புதுத் துணியில் ஆறு மாதத்தில் காவிக் கோடு விழும்.

குழலை பாலியஸ்டர் நூலில் தையுங்கள். பருத்தி நூல் கூரைச் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும். கம்பிகளை மாட்டி, நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, முன்னும் பின்னும் முதலில் இழுத்து கிளிப் போடுங்கள். பக்கங்கள் கடைசி. பக்கத்தில் எவ்வளவு இழுத்தும் சுருக்கம் போகவில்லை என்றால், குழலின் முனையைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். குழல் கம்பியைப் பிடித்துக்கொண்டு துணியை விடாமல் இருப்பதுதான் அந்தச் சுருக்கத்துக்குக் காரணம். ரெக்சின் என்றால் ஒரு வெயிலில் நிறுத்தினால் மிச்சச் சுருக்கம் தானே இறுகும்.

முன் கண்ணாடி, பின் கண்ணாடி ரப்பருக்கு அடியில் லைனிங்கின் ஓரம் போகும் வண்டிகளில் கண்ணாடியை எடுக்க வேண்டியிருக்கும். பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். புது ரப்பர் கையில் வந்த பிறகே கண்ணாடியில் கை வையுங்கள்.

“ஏன்ப்பா, எங்க அப்பத்தா கண்டாங்கிச் சேலையை அந்தக் கார் கூரையில போட்டுத் தைக்க முடியுமா?”

இதைப் பலகாரத் தட்டோடு ஓர் ஆச்சி கேட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கம்பி வகை வண்டி என்றால் முடியும், ஆச்சி. போர்டு வகையில் வேண்டாம். பருத்தி இழுபடாது, பசையும் ஊறும்.

சேலையின் நீளவாக்கு காரின் குறுக்கே வரும்படி வெட்ட வேண்டும், ஏனென்றால் சேலையின் அகலம் கூரையின் அகலத்துக்குப் போதாது. கட்டம் போட்ட சேலையானால் ஒவ்வொரு தையலிலும் கட்டம் சேர வேண்டும், அதற்குத் துணி அதிகம் போகும். முதலில் துவைத்துச் சுருங்க விடுங்கள். பழைய சேலை மட்டும் இழுவிசை தாங்காது; பின்னால் கெட்டியான காடாத் துணி வைத்துச் சேர்த்துத் தைப்பேன், குழலும் காடாவில்தான் இருக்கும். அப்படித் தைத்துக் கொடுத்த வண்டியில் அந்த ஆச்சி ஏறி உட்கார்ந்து வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கூரைக்கும் போர்டுக்கும் நடுவுல சூடு தடுக்கிற ஷீட் ஒட்டலாமா?”

ஒட்டலாம், போர்டு வெளியே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெள்ளி முகம் வைத்த மெல்லிய ஃபோம் ஷீட் போதும். வெள்ளி முகத்துக்கும் போர்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும், அதனால் தடியாக வாங்காதீர்கள். தடித்தால் போர்டும் கிளிப்பில் உட்காராது. விளக்கு வயரை ஷீட்டுக்கு அடியில் நசுக்காமல் விடுங்கள்.

“ரெண்டு வருஷம் முன்னாடிதான் புதுசு போட்டேன். திரும்பத் தொங்குதே?”

ஒரு ஓரத்தை உரித்துப் பாருங்கள். மூன்று காரணம்தான் நான் பார்த்திருக்கிறேன். சுரண்டாமல் ஒட்டியது, மேலே சொன்ன கருப்புத் துணிச் சோதனை செய்யாத வேலை. சூடு தாங்காத பசை. தொட்டால் இப்போதும் பிசுபிசுக்கும். மூன்றாவது, தண்ணீர்.

வெளியூரில் புதுத் துணி போட்டு வந்த ஒரு காரில் பின் மூலை மட்டும் இறங்கியது. போர்டை எடுத்தால் தகட்டில் துருக்கோடு. ஏரியல் அடி ரப்பர் காய்ந்து மழை உள்ளே இறங்கியிருக்கிறது. துணி போட்டவர் கறையைப் பார்த்துமே கேட்காமல் மூடிவிட்டார். பழைய துணியில் காவிக் கறை இருந்தால் புதுசு போடும் முன் ஆள் உள்ளே உட்கார்ந்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏரியல், கேரியர் போல்ட், முன் கண்ணாடி ரப்பர், கூரை ஓரத்துத் தண்ணீர்க் கால் எல்லாவற்றையும் பார்த்து அடைத்த பிறகுதான் துணி.

“நாங்க சென்னையில இருக்கோம், வண்டி வருஷத்துல பத்து மாசம் ஷெட்லதான். எப்படி வச்சுக்கிறது?”

பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். துணி உறை போதும். மாதம் ஒருமுறை வெயில் ஏறிய காலை நேரத்தில் நாலு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். பூஞ்சண வாடை வராது. கோயிலுக்குப் போய் வந்த தேங்காய், பழம், பொரி எதையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள். வாசனைக்கு எலி வரும், வந்தால் ரூஃப் ஃபோமைப் பிய்த்துத்தான் கூடு கட்டும். அம்பாசிடரில் லைனிங்குக்கு மேலே குளவியும் மண்கூடு வைக்கும். மழைக்காலம் முடிந்ததும் கூரைத் துணியை விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பொலபொலவென்று மண் உதிரும் சத்தம் கேட்டால் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் இல்லாமல் அப்போதே கூப்பிடுங்கள்.